பதில்: மூன்றாம் நாளே விதி உடைந்துவிட்டது

தம்பி, ஹட்டனிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போய், சிங்களம் பேசிப் பழக "ஒரு மாதம் தமிழே பேச மாட்டேன்" என்று விதி போட்டு மூன்றாம் நாளே உடைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உடைந்தது விதிதான், நீங்கள் இல்லை. அம்மா போன் எடுத்தால் சிங்களத்திலா பேசுவீர்கள்?

நானும் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சேர்ந்தபோது, மதியம் வரை தமிழ் இல்லை என்று வைத்துப் பார்த்தேன். நாலு நாள்கூட ஓடவில்லை. அப்புறம் நேரத்தை விட்டு இடத்தைப் பிடித்தேன்: கடை வாசலுக்கு உள்ளே சிங்களம், வெளியே என் இஷ்டம். அது நிலைத்தது. உங்களுக்கு அந்த இடம் போர்டிங் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையாக இருக்கலாம். இரண்டு வாரம் பாருங்கள், சரிவராவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

இரண்டு வருடம் புத்தகம் படித்தும் சிங்களம் வாயில் வரவில்லை என்கிறீர்களே, அதற்குக் காரணம் வேறு. எழுத்துச் சிங்களத்தில் மம யமி (நான் போகிறேன்), அப்பி யமு (நாங்கள் போகிறோம்) என்று வினை ஆளுக்கு ஆள் மாறும். பேச்சில் மம யனவா, அப்பி யனவா. எல்லோருக்கும் ஒரே யனவாதான். நம் தமிழைவிட லேசு. புரியாவிட்டால் "ஹெமின் கியன்ன" என்று கேளுங்கள், மெதுவாகச் சொல்வார்கள். சிரிப்பார்கள்தான். ஒரு பிளேன்டீயோடு மறந்துவிடுவார்கள்.