கட்டம் போட்டு வரைந்தால் போதுமா?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் வாரம் ஒரு பீரியட் கொடுத்திருக்கிறார்கள். நடிகர் படத்தை பிரிண்ட் எடுத்து வந்து, கட்டம் போட்டு அப்படியே வரையத்தான் எல்லோருக்கும் ஆசை. பாதிப் பேர் 'எனக்கு வரைய வராது மிஸ்' என்று பென்சிலையே தொடுவதில்லை. நன்றாக வரையும் ஒரு மாணவி ஓவியக் கல்லூரியில் சேர விரும்புகிறாள், வீட்டில் சம்மதம் இல்லை. நான் என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சர், முதலில் அந்த ஒரு பீரியடை பரீட்சை நேரத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

கட்டம் போடுவதற்காகப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். சினிமா பேனர் வரைந்தவர்கள் எல்லாம் அப்படித்தான் சின்னப் படத்தைப் பெரிதாக்கினார்கள். ஆனால் அதில் கை பழகுமே தவிர கண் பழகாது. 'வராது' என்கிற பிள்ளைக்கும் கையில் ஒரு குறையும் இல்லை, எதிரே இருப்பதைப் பார்க்காமல் மனசில் இருப்பதை வரைகிறான், அது அசலைப் போல இல்லாததும் சோர்ந்துவிடுகிறான், அவ்வளவுதான். முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் கண்ணை நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவரின் முகத்தை, கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளக்கச் சொல்லுங்கள். கண் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கும். அளந்து பார்த்த பிள்ளை திரும்ப அந்தத் தவறைச் செய்யாது.

ஒரு நாள் நாற்காலியை மேஜைமேல் ஏற்றிவைத்து, நாற்காலியை வரையாதீர்கள், கால்களுக்கு நடுவே தெரிகிற இடைவெளிகளை மட்டும் வரையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். இன்னொரு நாள் தாளைப் பார்க்காமலே இடது கையை வரையட்டும். எல்லோருக்கும் கோணல்மாணலாகத்தான் வரும், நன்றாக வரைகிற பிள்ளைக்கும் சேர்த்து! கடைசி பெஞ்சுக்குக் கூச்சம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் நிழலும் வெளிச்சமும். ஒரு கத்திரிக்காயை ஜன்னலோரம் வையுங்கள், காக்கித் தாளில் கரியும் வெள்ளைச் சாக்பீஸும் கொடுங்கள். தாளின் நிறமே நடுத்தர நிழலாகிவிடும், இருட்டுக்குக் கரி, தோலில் மின்னுகிற அந்த ஒரு புள்ளிக்குச் சாக்பீஸ், செலவும் பெரிதாக இல்லை. வண்ணத்துக்கு வந்தால் கறுப்பு ட்யூபை மட்டும் கொஞ்ச நாள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நிழல் என்றதும் கறுப்பைக் குழைத்துப் படத்தை அழுக்காக்கிவிடுவார்கள். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைச் சேர்த்தாலே நல்ல ஆழமான இருட்டு கிடைக்கும்.

இதில் நான் கறாராக இருப்பேன்: பிள்ளையின் படத்தில் நீங்கள் கை வைக்கவே கூடாது. திருத்திக் காட்ட வேண்டுமானால் வேறு தாளில் வரைந்து காட்டுங்கள். நீங்கள் ஒரு கோடு போட்டாலும் அது உங்கள் படமாகிவிடும், அவனுக்கும் அது தெரியும்.

அந்த மாணவி விஷயம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, பி.எஃப்.ஏ. என்கிற கவின்கலை இளங்கலைப் பட்டம் 4 வருடப் படிப்பு. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர், அவருக்குப் பின் முதல்வரான பணிக்கர்தான் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் அவர்கள் கேட்கப்போவது வேலையைப் பற்றித்தான். டெக்ஸ்டைல் டிசைன், செராமிக், விஷுவல் கம்யூனிகேஷன் என்று சென்னைக் கல்லூரியில் தனித்தனிப் பிரிவுகள் இருப்பதையும், துணி மில், விளம்பரம், அனிமேஷன் என்று அந்தப் படிப்புக்கு வேலை இருக்கும் இடங்களையும் விளக்கிச் சொல்லுங்கள். சேர்வதற்கு வரைந்து காட்ட வேண்டியிருக்கும், அதனால் அந்தப் பெண் இப்போதே ஒரு நோட்டு போட்டு, பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள், சந்தையில் காய் விற்பவர்கள் என்று தினமும் நேரில் பார்த்து வரையட்டும். நோட்டு பாதி நிறைந்ததும் அப்பா அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லி, அதை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.