தவறிப்போனால் யார் தலையில் விடியும்? துணிச்சலான யோசனைகள் பற்றிக் கேள்வி பதில்

காட்பாடியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அறிவியலோ அரசியலோ, “இப்படிச் செய்தால் என்ன?” என்று ஊரை வம்புக்கு இழுக்கும் யோசனைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்படிப்பட்ட கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

ஆம்பூர், கல்லூரி மாணவி: ஆதாரம் முழுதாகக் கிடைக்கும் முன்பே ஒரு தொழிலைத் தடுப்பது நியாயமா சார்? எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரிவதே ஷூ கம்பெனிச் சம்பளத்தில்தான்.

நியாயம்தான்மா. இதற்கு நாடு முழுவதற்குமாகப் பதில் சொன்ன வழக்கே நம் பாலாற்றங்கரையில் பிறந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மீட்க முடியாத சேதம் வரும் என்ற அச்சம் இருந்தால், அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் தொழில் நடத்துபவர். அந்தத் தீர்ப்புக்கு முன்பு, கிணறு உப்புக் கரித்த விவசாயிதான் எந்த ஆலையால் கெட்டது என்று காட்ட வேண்டியிருந்தது. அவரிடம் ஆய்வுக்கூடம் ஏது? அந்தச் சுமையை இடம் மாற்றியதைத்தான் நான் பெரிய புரட்சி என்பேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், காரணம் உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போகிறது. பதனிடச் சேர்க்கும் குரோமியத்தையாவது வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம். உப்பை எந்தக் கிருமியும் தின்று செரிக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), ஆவியாக்கல் என்று மின்சாரத்தைக் கொட்டிப் பிரித்தாலும், கடைசியில் மிஞ்சும் உப்புக் குவியலை எங்கே வைப்பது? நிலத்தடிக்குப் போய்விட்டால் உங்கள் பேரப்பிள்ளை காலத்திலும் அது அங்கேயேதான் இருக்கும். 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டு உத்தரவு போட வேண்டி வந்ததே!

சம்பளக் கவலையும் உண்மை. ஆனால் ஷூ தைப்பது உலர்ந்த வேலை, ஆற்றைக் கெடுப்பது பதனிடும் ஈரவேலை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி “வேலையா, ஆறா?” என்று கேட்பவர்களை நம்பாதீர்கள்.

அதே மாணவி: இப்படிப் பயந்தால் புதிதாக எதையுமே செய்ய முடியாதே?

முடியும். தவறினால் நட்டம் யாருக்கு, நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, இந்த இரண்டையும் முதலில் கேட்டுவிட வேண்டும். அடுத்த கேள்வி அதற்கே ஒரு நல்ல உதாரணம்.

ராணிப்பேட்டை, நகராட்சி ஊழியர்: டெங்குவை ஒழிக்கக் கொசுவையே வளர்த்து விடலாமாமே?

விடலாம். ஆனால் அதில் மூன்று வகை உண்டு, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் வகையில், வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களை மட்டும் விடுவார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. விடுவதை நிறுத்தினால் விளைவும் நின்றுவிடும். ஆண் கொசு கடிக்கவும் கடிக்காது. இதை நாளைக்கே தொடங்கினாலும் எனக்குச் சம்மதம்.

இரண்டாவதில் பெண் கொசுவையும் சேர்த்து விடுவார்கள். அந்தப் பாக்டீரியா தலைமுறை தலைமுறையாகப் பரவும், கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருக விடாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் செய்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது, முடிவு 2021இல் வெளியானது. புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) மையமும் இப்படிப்பட்ட கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. பலன் அருமை, ஆனால் நிலைத்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். வார்டு வார்டாக மக்களிடம் கேட்ட பிறகே விட வேண்டும். மூன்றாவது, ஒரு மரபணுவை இனம் முழுவதற்கும் தானாகப் பரவவைக்கும் ஜீன் டிரைவ். அதற்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

அப்புறம் ஒன்று. நாலு நாளைக்கு ஒரு தரம் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் டிரம்மில் பிடித்து வைக்கத்தான் செய்வார்கள், அதில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தினமும் தண்ணீர் விடுவதும் டெங்கு ஒழிப்புதான்.

ஜவ்வாது மலை, விவசாயி: எங்களுக்குத் தெருவிளக்கு வந்ததே இப்போதுதான். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்காக அணைக்க வேண்டுமா?

அணைக்க வேண்டாங்க. உங்கள் மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கிகள் நம் பெருமை. யுரேனஸ் வளையங்களை 1977இல் கண்ட இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் இருட்டில் பாம்பை மிதிக்கப்போவது நீங்கள். விளக்குக்கு மேல்மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் போதும், அந்தச் செலவு அரசுடையது.

வேலூர், மருந்துக்கடை நடத்துபவர்: ஆஸ்பத்திரி வரிசைக்குப் பதில் செயற்கை நுண்ணறிவே நோயைச் சொல்லிவிடாதா?

குறுகிய வேலையில் சொல்லும். சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்ல, சுமார் 1,28,000 படங்களைக் கொண்டு பழக்கிய மென்பொருள் 2016இலேயே கண் மருத்துவர்களுக்கு ஈடுகொடுத்தது. அதே வகை மென்பொருளைத் தாய்லாந்துச் சிற்றூர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனபோது, ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை அது தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. பல இடங்களில் அறையை இருட்டாக்கிப் படமெடுக்க வசதி இல்லாதது ஒரு காரணம். அலைந்தது நோயாளி. முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம், முடிவு மருத்துவரிடம்தான்.

குடியாத்தம், நெசவாளர்: தேர்தலே வேண்டாம், குடவோலை போதும் என்கிறேன். சரியா?

பாதி சரி. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகள். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். ஆனால் அந்தக் குடத்தில் உங்கள் பெயரோ என் பெயரோ விழுந்திருக்காது. நிலமும் சொந்த வீடும் வேதப் பயிற்சியும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு மட்டுமே இடம். இதை மக்களாட்சி என்று மேடையில் முழங்குவதைக் கேட்டால் எனக்கு மனம் வலிக்கும்.

அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் போட்டியிடவே முடியாது. குலுக்கலுக்கும் இன்று இடமுண்டு. அயர்லாந்தில் குலுக்கல் முறையில் எடுத்த 99 குடிமக்கள் கூடிப் பேசிப் பரிந்துரைத்த பிறகே, 2018இல் கருக்கலைப்புச் சட்டத்துக்கான பொது வாக்கெடுப்பு நடந்தது. அவர்கள் பரிந்துரைத்தார்கள், ஊர் வாக்களித்து முடிவு செய்தது. நம் ஊராட்சிகளிலும் வரவு செலவைச் சரிபார்க்கும் குழுவை வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கலாம், ஓராண்டுக்கு மட்டும். சரிப்படவில்லை என்றால் அடுத்த கிராம சபையிலேயே கலைத்துவிடலாம்.