பிரெய்ரி புல்வெளி நடுவே ஒரு தனிமலை: எங்கே நின்று எதைப் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் கல்கரியில் வசிக்கிறோம். ஜூலை மாத நடுவில் 10 வயது மகனுடனும், முழங்கால் வலியுள்ள அம்மாவுடனும் கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்களின் எல்லையிலுள்ள சைப்ரஸ் ஹில்ஸ் மலைப்பூங்காவுக்குச் சென்று வர எண்ணியுள்ளோம். சுற்றிலும் தட்டையான புல்வெளி இருக்க, அந்த மலை மட்டும் எப்படி வந்தது, அது எரிமலையா என்று மகன் கேட்கிறான். அம்மா ஏற்றம் ஏறாமலே பார்க்கக்கூடிய இடங்கள் உண்டா? ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

பதில்: மகனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால், வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் பாதி தெளிவாகிவிடும்.

சைப்ரஸ் ஹில்ஸ் எரிமலை அன்று; ராக்கி மலைத்தொடரைப் போல நிலம் மடிந்து உயர்ந்த மலையும் அன்று. இன்று அதன் உச்சியாக நாம் காண்பது, ஒரு காலத்தில் ஆறுகள் ஓடிய தாழ்ந்த தரை. சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மிக நீண்ட காலம், தென்மேற்கிலிருந்த மலைகளிலிருந்து இறங்கி வந்த ஆறுகள் கற்களை உருட்டிக் கொண்டுவந்து அங்கே பரப்பின. அந்தச் சரளையின் பல பகுதிகள் பின்னர் இறுகிப் பாறையாயின. சரளை மீது விழும் மழை அதற்குள் இறங்கிவிடுமே தவிர, அதை எளிதில் அரித்துச் செல்லாது. சரளை மூடாத சுற்றுப்புறத்திலோ மென்மையான களிப்பாறையும் மணற்பாறையும் கரைந்து கொண்டே போயின. இப்படி அக்கம்பக்கத்து நிலமெல்லாம் இறங்கிவிட, ஆற்றுப்படுகை மட்டும் சமவெளியைவிட ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் தங்கிவிட்டது.

இதை மகனுக்கு வாயால் விளக்குவதைவிடக் கையில் காட்டலாம். மலைமேல் சாலையோரம் மண் வெட்டப்பட்ட இடத்தில், முட்டை அளவு முதல் தேங்காய் அளவு வரையான உருண்டைக் கற்கள் துருத்திக் கொண்டிருக்கும். பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையின் கற்கள். பழுப்பேறி, வழவழவென்று இருக்கும். ஒன்றை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால், மேற்பரப்பில் நகக்குறி போன்ற சிறுசிறு பிறை வடிவத் தழும்புகள் தெரியும். வெள்ளத்தில் கல்லோடு கல் மோதியபோது உண்டானவை அவை. அவன் விரலால் தடவிப் பார்க்கட்டும். பார்த்த பின் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.

அம்மாவுக்காக நான் முதலில் சொல்வது ஹார்ஸ்ஷூ கேன்யன் பார்வையிடம். பூங்காவின் ஆல்பர்ட்டா பக்கத்துச் சிற்றூரான எல்க்வாட்டரிலிருந்து சிறிது தூரம்தான், காரிலேயே செல்லலாம். மலையின் விளிம்பு சரிந்து விழுந்த இடம் அது. மேலே சரளைத் தொப்பி, கீழே மென்மையான படிவுகள், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி என்று மேலே சொன்ன வரலாறு முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். எல்க்வாட்டர் ஏரிக்கரையில் பலகை நடைபாதை இருப்பதால் மாலையில் அவர் மெதுவாக நடக்கலாம். அங்கிருந்து சரிவுகளையும் கவனியுங்கள்: வடக்குச் சரிவில் ஈரம் தங்குவதால் பைன், ஸ்புரூஸ் மரங்கள் அடர்ந்திருக்கும், தெற்குச் சரிவும் காற்று வீசும் மேல்தளமும் பெரும்பாலும் புல்லாகவே இருக்கும். (பெயரில் உள்ள சைப்ரஸ் மரம் அங்கே ஒன்றுகூட இல்லை. பிரெஞ்சு பேசியவர்கள் பைனை அப்பெயரால் அழைத்ததால் வந்த குழப்பம் அது.) கடந்த பனியுகத்தில் கண்டப் பனிப்படலம் மலையைச் சுற்றிக் கொண்டு சென்றதே தவிர, உச்சியின் ஏறத்தாழ 100 மீட்டரை மூடவில்லை. பனிக்கடல் நடுவே தீவாக நின்ற அந்த மேல்தளத்தின் மீதுதான் நீங்கள் கார் ஓட்டிச் செல்வீர்கள்.

மற்றொரு பார்வையிடம் ஹெட் ஆஃப் தி மௌண்டன். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து தெற்கே, அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்திலுள்ள ஸ்வீட் கிராஸ் ஹில்ஸ் நீல நிறத்தில் தெரியும். உங்கள் மகனின் ஊகம் அந்த மலைகளுக்கு ஓரளவு பொருந்தும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு மேலேறி, நிலத்தடியிலேயே இறுகி, மேலிருந்த மென்பாறை அரிக்கப்பட்ட பின் வெளிப்பட்ட குன்றுகள் அவை. பூர்வகுடியினரான பிளாக்ஃபுட் மக்கள் நோன்பிருந்து வழிபடும் புனிதத் தலமும் அந்தக் குன்றுகளே. சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. ஆகவே அங்கே ஏறுவதைவிடத் தொலைவிலிருந்து பார்ப்பதே முறை என்பது என் கருத்து. அருகில் காண விரும்பினால், இன்னொரு பயணத்தில் ஆல்பர்ட்டாவின் ரைட்டிங்-ஆன்-ஸ்டோன் பூங்காவுக்குச் செல்லுங்கள். அங்கே எல்லைக்கு அப்பால் அவை எதிரிலேயே நிற்கும்.

ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சஸ்காச்சுவான் பக்கத்தின் இரண்டு மலைப்பகுதிகளையும் இணைக்கும் கேப் ரோடு வெறும் மண்சாலை. வரைபடச் செயலி அதைக் குறுக்குவழியாகக் காட்டினாலும், மழை பெய்திருந்தால் அதில் இறங்காதீர்கள். ஈரமானால் அந்தக் களிமண் சக்கரத்தில் கட்டி கட்டியாக ஒட்டி, சிறிது தூரத்திலேயே வண்டி நகராமல் போய்விடும். உயரமான வண்டிக்கும் இதே கதிதான். ஜூலையில் பிற்பகல் இடிமழை சகஜம் என்பதால் திறந்த மேல்தளத்தைக் காலையிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். புல்லில் நடந்து வந்தால் உண்ணி ஏறியிருக்கிறதா என்று காலையும் கழுத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள். சமவெளியைவிட இரவில் குளிர் கூடுதலாக இருக்கும். அம்மாவுக்குக் கம்பளி எடுத்துச் செல்லுங்கள்.

கல்கரியிலிருந்து எல்க்வாட்டருக்கு ஒரு வழிக்கே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். முழங்கால் வலியோடு எட்டு மணி நேரம் காரில் அமர்ந்திருப்பது கடினம். ஆகவே ஓர் இரவு தங்கும்படியே சொல்வேன். 2004 முதல் அந்தப் பூங்கா, செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இருள்வானக் காப்பகமாகவும் இருப்பதால், நிலவில்லாத இரவாகத் தேர்ந்தெடுத்தால் வானில் பால்வெளியைத் தெளிவாகக் காணலாம். மறுநாள் நெடுஞ்சாலை 41 வழியாக வடக்கே திரும்பும்போது, பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி மகனைப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். மலையின் மேல்விளிம்பு கூம்பாக இல்லாமல், அடிக்கோல் வைத்து இழுத்த கோடுபோலத் தெரியும். கற்களை உருட்டி வந்த ஆறுகளின் தரை அந்தக் கோடுதான்.