பூனைக்கு நம் மேல் உண்மையிலேயே பாசம் உண்டா, இல்லை எல்லாம் சாப்பாட்டுக்காகத்தானா?

சாப்பாடும் ஒரு காரணம்தான், மறுக்க மாட்டேன். "சோறு வைக்கிற கைக்குத்தான் அது குழையும்" என்று என் அம்மாவும் சொல்வார். ஆனால் அது மட்டுமே இல்லை.

எங்கள் சுக்கு, பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையில், மழைக்கு ஒதுங்கிக் கிடந்தவள். வந்து ஆறு வருடம் ஆகிறது, இதுவரை ஒரு நாளும் என் மடியில் உட்கார்ந்ததில்லை. முதல் வருடம் முழுக்க வாடகைக்குக் குடிவந்தவள் மாதிரிதான் இருந்தாள்.

அப்புறம்தான் அவள் கண்ணைக் கவனித்தேன். நான் வேலை முடிந்து வந்து பாயில் சாய்ந்தால், டிவி மேசைக்கு அடியிலிருந்து என்னைப் பார்ப்பாள். கண்ணை மெல்லப் பாதி மூடுவாள், திறப்பாள், மறுபடி மூடுவாள். தூக்கம் வருகிறது போல என்று விட்டுவிட்டேன். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்று கேலி பேசுகிறோமே, தெருவில் வளர்ந்த பூனைக்கு ஒரு மனிதனின் எதிரில் கண்ணை மூடுவது சின்ன விஷயமில்லை. 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். வளர்ப்பவர் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குச் சிமிட்டுவது கூடுகிறது. புது ஆள் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டினாலும், சும்மா நீட்டுவதைவிட அதிகமாகக் கிட்டே வருகிறது. நீங்களும் செய்து பாருங்கள். முறைத்து மட்டும் பார்க்காதீர்கள், அதைப் பூனை சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

வால் அடுத்தது. குட்டிகள் தாயைக் கண்டதும் வாலைச் செங்குத்தாகத் தூக்கும், பெரிதானதும் அதே வணக்கத்தை நமக்கு வைக்கும். நம் மலேசியப் பூனைகளில் நிறைய முடிச்சு விழுந்த வால், மொட்டை வால். சுக்குவுக்கும் இரண்டு அங்குலத்துக்கு மேல் கிடையாது. கிரில் கதவில் சாவி சத்தம் கேட்டதும் அந்த இரண்டு அங்குலத்தையும் விறைப்பாகத் தூக்கிக்கொண்டு வருவாள், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். வந்து கன்னத்தை என் கணுக்காலில் தேய்ப்பாள். கன்னத்திலும் தாடையிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு, தன் வாசனையை நம் மேல் பூசி வைக்கிறாள்.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அபூர்வம். அது பெரும்பாலும் நமக்கென்றே வைத்திருக்கும் பேச்சு.

இரண்டு இடத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கைதான், தடவச் சொல்லும் அழைப்பு இல்லை. என் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. இன்னொன்று அந்த 'குர்ர்' சத்தம். ஒருமுறை நாள் முழுக்கச் சோபாவுக்கு அடியில் குர்ரென்று படுத்திருந்தாள், நான் குஷியில் இருக்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் காலில் சீழ் கட்டிக் காய்ச்சல். வலியிலும் பூனை அப்படிச் செய்யும். சாப்பிடாமல் ஒளிந்துகொண்டு குர்ரென்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்குத்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். போன ஞாயிறு அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அதில் பூனைக்கு ஒன்றும் இல்லை, சுக்கு ஏற்கெனவே கெம்போங் மீனைத் தின்று முடித்திருந்தாள். இருந்தாலும் எதிரே வந்து உட்கார்ந்து கண்ணை மெல்ல மூடித் திறந்தாள். அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து அதேபோல மெதுவாக மூடித் திறந்தார். என்னம்மா என்றேன்.

"கண்ணு எரியுதுடா" என்றார்.