பயாப்ஸிக்குப் பின் வந்த கிருமித்தொற்று: மருத்துவமனை மீது வழக்குத் தொடரலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்ததால் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மலக்குடல் வழியாகப் புராஸ்டேட் பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள். அதற்கு முன் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் முன்பு சிறுநீர்த் தொற்றுக்காக அதே மாத்திரையை அவர் சாப்பிட்டிருந்தார். யாரும் அதை விசாரிக்கவில்லை. மறுநாள் இரவு குளிர்காய்ச்சல் வந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு பாராசிட்டமால் போடச் சொன்னார்கள். விடிவதற்குள் ரத்த அழுத்தம் இறங்கி, வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். ரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை கிருமி இருந்தது. நாலரை லட்சம் ரூபாய் செலவாயிற்று. ஓராண்டு ஆகப்போகிறது. போலீசில் புகார் தரலாமா? நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: உங்கள் தந்தையார் பிழைத்து வந்தது பெரும் ஆறுதல். நஷ்டஈடு கோர உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் வழக்கை எதன்மேல் நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது நிற்கும். மலக்குடலில் இயல்பாகவே வாழும் கிருமிகளை ஊசி தன்னோடு புராஸ்டேட்டுக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் கொண்டுசென்றுவிடக்கூடும் என்பது இந்தப் பரிசோதனையில் எல்லோரும் அறிந்த ஆபத்து. எனவே ‘தொற்று வந்தது, ஆகவே கவனக்குறைவு’ என்று மட்டும் மனுவில் எழுதினால், மருத்துவமனை அதை எளிதில் தகர்த்துவிடும்.

உங்கள் வழக்கின் உயிர், பயாப்ஸிக்கு முந்தைய விசாரிப்பிலும் காய்ச்சல் வந்த இரவிலும் இருக்கிறது. அண்மையில் ஓர் ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டவரின் குடலில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிஞ்சி நிற்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் அத்தகைய ஈ.கோலை பரவலாகவே காணப்படுகிறது. அதனால்தான் முன்பு எடுத்த மருந்துகளைக் கேட்டறிவது, தேவைப்பட்டால் மலக்குடலிலிருந்து மாதிரி எடுத்துக் கல்ச்சர் செய்து அதற்கேற்ற மருந்தைத் தேர்வது, போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியால் மலக்குடலைச் சுத்தப்படுத்துவது, மலக்குடலைத் தவிர்த்து விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக ஊசியைச் செலுத்துவது போன்ற வழிகளைச் சிறுநீரகவியல் துறை கைக்கொண்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 முதல் இந்தப் பரிசோதனைக்கான முன்காப்பாக சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் அனுமதிக்கப்படுவதில்லை. ஆனால் அதற்கு முதன்மைக் காரணம் பக்கவிளைவுகள் என்பதாலும், அந்த முடிவு இந்திய மருத்துவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதாலும், அதை மட்டும் நம்பி வாதிட வேண்டாம். இரண்டு மாதம் முன்பு அதே மருந்தைச் சாப்பிட்ட ஒருவரிடம் எதுவும் கேட்காமல் அதையே மீண்டும் கொடுத்தது திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்யத்தக்கதா என்பதே நுகர்வோர் ஆணையத்தின் முன் நீங்கள் வைக்க வேண்டிய கேள்வி.

அந்த இரவு அழைப்பு இதைவிட வலுவானது என்பது என் கருத்து. மலக்குடல் வழி பயாப்ஸிக்குப் பின் வரும் குளிர்காய்ச்சல், நோயாளியை உடனே வரவழைத்துப் பார்க்க வேண்டிய அபாயக் குறி. பாராசிட்டமால் போதும் என்று சொல்லி, நேரில் பார்க்காமலேயே விட்டது உண்மையென்றால், அதற்கு மருத்துவமனை பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் கைபேசியின் அழைப்புப் பதிவை இன்றே பாதுகாத்து வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தையும் பார்க்க வேண்டும். சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். அரிதினும் அரிதானவற்றைச் சொல்லத் தேவையில்லை என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. தொற்று அபாயம் படிவத்தில் இல்லாவிட்டால் அது உங்களுக்குச் சாதகம்.

போலீஸ் புகாரை நான் பரிந்துரைக்கவில்லை. மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க மிக மோசமான கவனக்குறைவு வேண்டும் என்றும், தனிநபர் புகாருக்குத் தகுதியான வேறொரு மருத்துவரின் கருத்து துணையாக இருக்க வேண்டும் என்றும் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் தீர்ப்பாகியிருக்கிறது. நீங்கள் சொல்லும் விவரங்கள் அந்த அளவை எட்டவில்லை.

உங்களுக்கு உரிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பது 1995-இன் சாந்தா வழக்கிலேயே முடிவானது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். தந்தையாரே மனுதாரராக இருப்பது நல்லது. பணம் செலுத்தியவர் என்ற முறையில் நீங்களும் சேரலாம். நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கு, 2010-இல், கூறுகிறது. ஆயினும் உங்கள் வழக்கு மருந்துத் தேர்வைப் பற்றியது. சிறுநீரகவியல் மருத்துவர் ஒருவரின் எழுத்துமூலக் கருத்து இல்லாமல் நான் இதைத் தாக்கல் செய்ய மாட்டேன்.

முதல் வேலையாக, பயாப்ஸி செய்த மருத்துவமனைக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் எழுதி, ஒப்புதல் படிவம், மருந்துக் குறிப்பு, செவிலியர் பதிவு உள்ளிட்ட ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குப் பார்த்த மருத்துவரின் சீட்டையும் மருந்துக் கடை ரசீதையும் தேடி எடுங்கள். அவை கிடைக்காவிட்டால் ‘முன்பே சாப்பிட்டிருந்தார்’ என்பது வெறும் வாய்ச்சொல்லாகிவிடும். கல்ச்சர் ரிப்போர்ட்டின் மூலப் பிரதியை வழக்கறிஞரிடம்கூடக் கொடுக்காதீர்கள், நகல் போதும். மீண்டும் பயாப்ஸியோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்பட்டால், தந்தையாருக்கு எந்த மருந்தைத் தேர்வது என்று முடிவு செய்யும் மருத்துவருக்கு முதலில் அந்தத் தாளைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.