புது பேட்டரி போட்டும் பழைய டீசல் பிக்கப்பில் செல்ஃப் எடுக்கவில்லை, ஹெட்லைட்டும் மங்குகிறது. எங்கிருந்து பார்க்க வேண்டும்?

செல்ஃப் அடித்தால் 'டக்' என்ற ஒரே சத்தம், சில நேரம் லைட் மங்கல், பேட்டரியோ புதிது. இந்த நிலையில் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பழைய வண்டியில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் இன்ஜின், பாடி வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு.

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. பாதி சார்ஜில் எடுக்கும் அளவுகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது; முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.

பிறகு நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க, டீசல் பம்ப்பில் இருக்கும் ஃபியூவல் கட் சோலினாய்டின் (டீசலைத் திறந்து மூடும் மின்காந்த வால்வு) வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஒதுக்குங்கள். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், அதைச் சுற்றிப் பிடிக்கும் கேபிள் கிளாம்ப்பில் வேண்டாம். கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில்தான் பாதிப் பிரச்சினை ஒளிந்திருக்கும். சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இரும்பில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் வேண்டாம். 0.2 வோல்ட் வரை காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. இதேபோல் பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபில் பேட்டரி கேபிள் மாட்டும் பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.5 வோல்ட் வரை இருக்கலாம்.

வயரில் பீப் சத்தம் வருகிறதா என்று கன்டினியூட்டி மட்டும் பார்த்து 'கேபிள் நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. மீட்டர் அனுப்புவது சில மில்லி ஆம்பியர். அதற்கு ஒரே ஒரு செம்பு இழை போதும். டீசல் செல்ஃப் இழுப்பதோ சில நூறு ஆம்பியர். 0.01 ஓம் தடை இருந்தாலே 300 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே போய்விடும்.

'டக்' சத்தத்தின்போது இரண்டு அளவும் பூஜ்யத்தை ஒட்டி இருந்து, பேட்டரியும் 12-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் கரண்ட் ஓடவே இல்லை என்று பொருள். அப்போது செல்ஃப் சோலினாய்டுக்குள் (செல்ஃப் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) இருக்கும் செம்பு கான்டாக்ட் தேய்ந்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் முடிந்திருக்கும். பல செல்ஃப்களில் கான்டாக்ட் மட்டும் தனியாகக் கிடைக்கும். மாறாக, நல்ல பேட்டரியே 9.6-க்குக் கீழே விழுந்தால் மோட்டார் இறுகி அளவுக்கு மீறி இழுக்கிறது.

எர்த்தைச் சரிசெய்யும்போது அரைகுறையாக விடாதீர்கள். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு, பாடிக்கு, இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு என்று மூன்று இடத்தையும் கழற்றி, லக்கின் (கேபிள் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) இரு பக்கமும் அது உட்காரும் இடமும் பளிச்சென்று ஆகும் வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். இறுக்கிய பிறகுதான் மேலே வாசலின். லக் ஓரத்தில் பச்சை பூத்திருந்தால் ரப்பரைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும். இன்ஜின் எர்த் அறுந்தால் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும்; அந்தக் கேபிள் சுட்டால் காரணம் இதுதான். பிரேக் மிதிக்கும்போது பின்னால் பார்க் லைட்டும் மங்கலாக எரிந்தால் டெயில் லாம்ப் எர்த்.

வண்டி ஓடும்போதும் லைட் மங்கினால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். ஹெட்லைட் போட்டு, இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து பேட்டரியில் பாருங்கள்: 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அதன் சீல் போனால் ஆயில் உள்ளே கசிந்து பிரஷ் ஒட்டாமல் சார்ஜ் நின்றுவிடும். சீலை மாற்றாமல் பிரஷ் மட்டும் போட்டால் மறுபடியும் அதே கதைதான்.

எல்லாம் முடிந்ததும் ஃபியூவல் கட் வயரை மாட்டுங்கள். சாவி போட்டதும் பம்ப்பில் மெல்லிய 'டிக்' கேட்க வேண்டும். கேட்காவிட்டால் செல்ஃப் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.