மடியில் ஒரு கித்தார், கார்டில் ஒரு கடன்

கேள்வி: வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 42. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஓவர்டைம் சேர்த்து மாதம் 4,300 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வரும். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். என் அப்பா அந்தக் காலத்தில் கேசட்டில் ஹவாய் கித்தார் இசையாகவே கேட்டுக்கொண்டிருப்பார். அது மனதில் தங்கிவிட்டது. இப்போது, மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீல் கித்தார் கற்றுக்கொள்ள ஆசை. கோலாலம்பூரில் ஒரு கடையில் புதிய ரெக்கார்டிங் கிங் ஆர்ஜி-32 கருவிக்கு 1,750 வெள்ளி சொல்கிறார்கள். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ முறையில் 12 மாதத் தவணை, மாதம் 1.5 விழுக்காடு. இணையத்தில் பெயர் தெரியாத ஒரு சீனத் தயாரிப்பு 430 வெள்ளிக்குக் கிடைக்கிறது. நண்பர் ஒருவர் 1950களில் செய்த அமெரிக்கக் கருவி ஒன்றை 3,800 வெள்ளிக்குத் தருகிறேன், இது முதலீடு என்கிறார். கிரெடிட் கார்டில் 3,200 வெள்ளி பாக்கி, மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) மூன்றாவது கணக்கில் 2,400 வெள்ளி இருக்கிறது, அதை எடுக்கலாமா? மனைவியோ, “அலமாரி மேல இருக்கிற கீபோர்டை முதல்ல வாசிங்க” என்கிறார். மகனின் பழைய கித்தார் ஒன்றும் வீட்டில் சும்மா கிடக்கிறது. எது சரி?

பதில்: தம்பி, மகனின் கித்தார் சும்மா கிடக்கிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரியே அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் கார்டு.

3,200 வெள்ளி பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 160 வெள்ளி. முழுப் பாக்கியையும் கட்டாமல் இழுப்பவர்களுக்கு நம் நாட்டில் வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை போகும். ஒழுங்காகக் கட்டுபவருக்குக் கொஞ்சம் குறையும். உங்களுக்கு 18 என்றே வைத்துக்கொள்வோம். இந்த மாதம் நீங்கள் கட்டும் 160இல் 48 வெள்ளி வட்டிக்குப் போய்விடுகிறது. கடன் குறைவது 112 வெள்ளிதான். அடுத்த மாதம் பாக்கி குறைவதால் குறைந்தபட்சத் தொகையும் குறைகிறது, நீங்களும் குறைவாகக் கட்டுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடன் ஆண்டுக்கணக்கில் வாலாட்டிக்கொண்டே இருக்கிறது.

இதன் தலையில் இன்னொரு தவணையை ஏற்றப் பார்க்கிறீர்கள். மாதம் 1.5 விழுக்காடுதானே என்று தோன்றும். 1,750க்கு மாதம் 26 வெள்ளி 25 காசு, 12 மாதத்துக்கு 315 வெள்ளி. மொத்தம் 2,065, மாதத் தவணை 172 வெள்ளி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பத்தாவது மாதத்தில் நீங்கள் பாக்கி வைத்திருப்பது சில நூறு வெள்ளிதான். அப்போதும் முழு 1,750க்கும் வட்டி போடுகிறார்கள். குறைந்துவரும் பாக்கியை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த 1.5 ஆண்டுக்கு 31 விழுக்காட்டைத் தாண்டுகிறது. உங்கள் கிரெடிட் கார்டே இதைவிட மலிவு! கார்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்குக் கிடைக்கும் அபூர்வமான சந்தர்ப்பம் இது.

சரி, மூன்றாவது கணக்கு. 2024 மே மாதம் சேமநிதி வாரியம் தொடங்கிய நெகிழ்வுக் கணக்கைத்தான் சொல்கிறீர்கள். 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், காரணமும் கேட்க மாட்டார்கள். எடுக்கலாம் என்பதற்காக எடுப்பது வேறு. 2024க்கு சேமநிதி கொடுத்த ஈவு 6.30 விழுக்காடு. கித்தார் வாங்க அதிலிருந்து ஒரு காசுகூட எடுக்காதீர்கள். ஆனால் கார்டுக் கடனை அடைக்க எடுப்பதென்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். 6.30 ஈட்டும் பணத்தை வைத்து 18 தின்னும் கடனை அடைப்பது லாபம்தான். ஒரே ஒரு நிபந்தனை: கடன் தீரும்வரை அந்தக் கார்டு மனைவியின் கைப்பையில் இருக்கட்டும். கடனை அடைத்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி ஏற்றிக்கொண்டவர்கள் என்னிடம் நிறையவே வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சேமநிதியும் போனது, கடனும் நின்றது.

2,000 வெள்ளி எடுத்துக் கட்டினால் பாக்கி 1,200. இப்போது கட்டும் 160ஐயும், கித்தார் தவணைக்கென்று மனதில் ஒதுக்கிவிட்ட 172ஐயும் சேர்த்து மாதம் 332 கட்டுங்கள். நான்கு மாதத்தில் கார்டு காலி. சேமநிதியைத் தொட மனமில்லையா? அதே 332ஐ விடாமல் கட்டினால் 11 மாதம். எப்படியானாலும், கார்டு தீர்ந்த பிறகு அந்த 332 மூன்றே மாதத்தில் 996 வெள்ளி ஆகிவிடும். உங்கள் கித்தார்ப் பணம் அதுதான், ரொக்கமாக.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. இங்கேதான் மகனின் கித்தார் வருகிறது.

லேப் ஸ்டீல் என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். கித்தாரை மடியில் படுக்க வைத்து, கம்பிகளை விரலால் அழுத்தாமல், ஓர் இரும்புக் கட்டையை அவற்றின் மேல் வழுக்கி வாசிப்பது. ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிச் சிறுவன் 1889 வாக்கில் தொடங்கிவைத்தார் என்பார்கள். நம் கோட்டு வாத்தியமும் இதே வித்தைதான், கமகம் சறுக்கிக்கொண்டு வருவது இரண்டிலும் ஒன்றே. இன்னொரு சுவையான செய்தி: வியாபாரத்தில் முதலில் வெற்றி பெற்ற மின்சாரக் கித்தாரே ஒரு லேப் ஸ்டீல்தான். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் 1932இல் விற்பனைக்கு விட்டது. வாணலி போல இருந்ததால் ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆக, கம்பிகள் பலகையிலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. சாதாரணக் கித்தாரின் கழுத்து முனையில் கம்பிகள் உட்காரும் ‘நட்’ இருக்கிறதே, அதன் மேல் மாட்டுவதற்கு ‘நட் எக்ஸ்டெண்டர்’ என்று ஒரு சின்ன உலோகத் துண்டு விற்கிறார்கள். இணையத்தில் 50 வெள்ளிக்குள் கிடைக்கும். கம்பியைத் தளர்த்தி, அதைச் சொருகி, திரும்ப முறுக்கினால் மகனின் கித்தார் உங்கள் மடிக்குத் தயார். பிடிக்கவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கித்தாரின் கீழ் மூன்று கம்பிகள் தூண்டில் நரம்பு போல இருந்தால் அது நைலான் கித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதைத்தான் வாங்கிக் கொடுப்போம். இந்த வேலைக்கு அது ஆகாது. அதில் உலோகக் கம்பி மாட்டிப் பார்க்கவும் கூடாது, இழுவை தாங்காமல், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பாலம் பெயர்ந்துவிடும். உலோகக் கம்பிக் கித்தார் என்றால் நல்லது. ஆறாவது கம்பியையும் முதல் கம்பியையும் ‘டி’ சுரத்துக்கு இறக்குங்கள், ஐந்தாவதை ‘ஜி’ சுரத்துக்கு இறக்குங்கள், மற்றவை இருந்தபடியே இருக்கட்டும். இதற்கு ஓபன் ஜி என்று பெயர். எல்லாம் இறக்கம்தான், ஏற்றம் இல்லை, அதனால் கித்தாருக்குச் சேதம் வராது. இரும்புக் கட்டைக்கு முதல் இரண்டு நாள் உங்கள் டூல்பாக்ஸில் போல்ட் முறுக்க வைத்திருக்கும் நீள சாக்கெட் ஒன்று போதும் (உங்கள் டூல்பாக்ஸ், தொழிற்சாலையினுடையது அல்ல). பிறகு நூறு வெள்ளியை ஒட்டி நல்ல ஸ்டீல் பார் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது வீண் போகாது, நாளை எந்தக் கருவி வந்தாலும் உதவும்.

மூன்று மாதம் இப்படி வாசியுங்கள். வாரத்தில் நான்கு நாளாவது எடுத்தீர்களா என்று காலண்டரில் குறியுங்கள். மனைவி கேட்கும் கீபோர்டுக் கேள்விக்குப் பதில் அந்தக் காலண்டரில் இருக்கும்.

குறிகள் தேறிவிட்டன, கார்டும் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது?

மலிவான சாதாரணக் கித்தார் வாங்க நான் தயங்குவேன். கழுத்து வளைந்திருக்கும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள், அதாவது ஃப்ரெட், மேடு பள்ளமாக இருக்கும், விரல் வலிக்கும், கற்பவர் விட்டுவிடுவார். லேப் ஸ்டீலில் இந்தச் சிக்கல் கிடையாது. ஃப்ரெட்டே இல்லை, சுரத்தின் இடத்தைக் காட்டும் வெறும் கோடுகள்தான். கம்பி உயரமாக இருப்பதுதான் முறை. ஒரு மரப்பலகை, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பிக்கப், ஆறு முறுக்காணிகள். அதனால் மலிவுக் கருவியும் இங்கே ஓரளவு தேறும். முறுக்காணி வழுக்காமல் இருக்க வேண்டும், பிக்கப் இரையாமல் இருக்க வேண்டும், கோடுகள் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

அந்தக் கோடு விஷயத்தில் நான் சூடுபட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு மலிவுக் கருவி வாங்கினேன். எத்தனை கவனமாக வாசித்தாலும் மேலே போகப் போகச் சுரம் பிசகியது. என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் மனைவியின் தையல் நாடாவை எடுத்து அளந்தேன். நட்டிலிருந்து 12ஆவது கோடு 286 மில்லிமீட்டர். அங்கிருந்து பாலம் வரைக்கும் அதே 286 இருக்க வேண்டும், ஏனென்றால் 12ஆவது கோடு கம்பியின் சரிபாதி. நாடா 293 காட்டியது. விற்றவரிடம் படம் எடுத்து அனுப்பினேன். “நிறம் சற்று மாறுபடலாம் என்று குறிப்பிட்டிருக்கிறோமே” என்று பதில் வந்தது. கடைசியில் நானே கணக்குப் போட்டு, காகிதத்தில் கோடு கிழித்து, லேமினேட் செய்து ஒட்டிக்கொண்டேன். இன்றும் அதைத்தான் வாசிக்கிறேன். நீங்கள் பெட்டியைத் திறந்ததும் அளந்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள்.

430 வெள்ளிக் கருவி வெளிநாட்டிலிருந்து வருகிறதென்றால், 2024 ஜனவரி முதல் 500 வெள்ளி வரையுள்ள இணையப் பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா, பணம் கட்டும் பக்கத்தில்தான் 43 வெள்ளி ஏறுகிறதா என்று பாருங்கள். அப்புறம், இது மின்சாரக் கருவி, தனியாகச் சத்தம் வராது. சின்ன ஆம்ப்ளிஃபையர், கேபிள், விரலில் மாட்டும் பிக், ஒரு செட் கம்பி. ஆம்ப்ளிஃபையரைப் பழையதாக, முடா, கேரசல் போன்ற பழைய பொருள் விற்கும் இணையதளங்களில் தேடினால் 200 வெள்ளியை ஒட்டிக் கிடைக்கும். ஆக, நீங்கள் 430 என்று எழுதியது உண்மையில் 750, 800. பார் ஏற்கெனவே கையில் இருக்கும். 996க்குள் அடங்கிவிடுகிறது. ஆறு கம்பி போதும், எட்டுக் கம்பி இப்போது வேண்டாம்.

ஆர்ஜி-32 கெட்ட கருவி இல்லை. பி-90 வகை பிக்கப், சத்தம் நன்றாக இருக்கும். அதன்மேல்தான் மனம் இருக்கிறதென்றால் இன்னும் மூன்று நான்கு மாதம் சேர்த்து ரொக்கமாக வாங்குங்கள், ரொக்கத்துக்கு விலை குறையுமா என்றும் கேளுங்கள். ஆனால் விற்க நேர்ந்தால் இந்த ஊரில் லேப் ஸ்டீல் தேடி வருபவர் மிகக் குறைவு. கித்தார் போல ஒரே வாரத்தில் கைமாறாது. 1,750ஐப் போட்டுவிட்டு 900க்குக் கேட்பவருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

நண்பரின் 1950களின் கருவிக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் அதற்கு மதிப்பு இருக்கலாம். பட்டர்வொர்த்தில் அதை வாங்க ஆள் வேண்டுமே? ஈவு தராது, வட்டி தராது, அவசரத்துக்கு விற்கவும் முடியாது. அவ்வளவு உறுதியான முதலீடு என்றால் நண்பர் ஏன் விற்கிறார் என்று தேத்தாரே குடிக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

வருமான வரியில் கழிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இன்னொருவர் கேட்பார். பூப்பந்து மட்டைக்குக் கழிவு உண்டு, புத்தகத்துக்கும் கைப்பேசிக்கும் உண்டு, கித்தாருக்கு இல்லை.

கடைசியாக அந்தக் கீபோர்டு. இந்த வாரமே விற்றுவிடுங்கள். லேப் ஸ்டீல் போல இல்லாமல் கீபோர்டுக்கு ஆள் உடனே வரும், பள்ளி விடுமுறைக்கு முன் இன்னும் வேகமாக. வருகிற பணத்தில் முதலில் நட் எக்ஸ்டெண்டர், பார். மீதி கார்டுக்கு. விளம்பரத்துக்குப் படம் எடுக்கும்போது அதன் மேல் மடித்து வைத்திருக்கும் துணிகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.